பயிற்சி முடிந்த மறுவாரம்

வணக்கம்.

நான் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் அறிவிப்புகள் கொட்டுகின்றன. இணையவழிப் பயிற்சி, வினாடி வினா, இலவசப் படிப்பு, புதிய செயலி, 'பதிவுசெய்ய இன்றே கடைசி நாள்'. விட்டுவிட்டால் பின்தங்கிவிடுவேனோ என்ற பயத்தில் முடிந்தவரை சேர்ந்துவிடுகிறேன். சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறையச் சேர்ந்துவிட்டன. ஆனால் நான் பாடம் எடுக்கும் விதம் மாறியிருக்கிறதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எதில் சேர்வது, எதை விடுவது?

ம.

அன்புள்ள ம.,

கோப்பைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். பணிப்பதிவுக்கும் பதவி உயர்வுக்கும் சான்றிதழ் தேவைப்படும். அதற்காகச் சேர்வதில் தப்பில்லை. அதற்காகத்தான் சேர்கிறோம் என்று தெரிந்து சேருங்கள், போதும். அப்படிப்பட்ட வகுப்பை விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாலும் குடி முழுகிவிடாது. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது வேறு. பாடம் எடுக்கும் விதம் மாற வேண்டும் என்றால், பயிற்சி அன்றைக்கு நடப்பதை விட அதற்கு மறுவாரம் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவுசெய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் அவர் வெளியிட்ட கணக்கு: சராசரியாக ஒரு நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேட்பார்கள், வேறு பிள்ளையிடம் போவார்கள், அல்லது தாங்களே விடையைச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு நொடியை மூன்றாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பதில் வந்தபின் 'சரி, வெரி குட்' என்று உடனே பாயாமல் இன்னொரு மூன்று நொடி சும்மா இருந்தாலும் பலன் உண்டு என்றார்.

இதைப் பயிற்சியில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். எல்லோரும் தலையாட்டுவோம். மறுநாள் வகுப்பில் "ஈரத்துணி காற்றடித்தால் ஏன் சீக்கிரம் காய்கிறது?" என்று கேட்கிறீர்கள். அமைதி. முதல் பெஞ்சில் ஒரு கை உயர்ந்துவிட்டது. மற்ற முகங்கள் உங்களையே பார்க்கின்றன. அந்த அமைதி தாங்காமல் "ஆவியாதலைப் பற்றி நேற்றுப் பார்த்தோமே?" என்று நீங்களே பாதி விடையை எடுத்துக்கொடுத்து விடுகிறீர்கள். மூன்று நொடி காத்திருந்ததாகவே உங்களுக்குத் தோன்றும். கடைசி பெஞ்சில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் சக ஆசிரியருக்குத்தான் உண்மை தெரியும். அவர் கிடைக்காவிட்டால் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்கலாம். சொந்தக் குரலைக் கேட்பது முதல் தடவை கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலேயே வலியுறுத்தியது இதைத்தான். கோட்பாட்டைச் சொல்லி, செய்தும் காட்டினால் ஆசிரியருக்குப் புரிந்துவிடும். ஆனால் அது வகுப்புக்குள் நுழைய வேண்டுமானால் சொந்த வகுப்பில் செய்துபார்க்க வேண்டும், அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அது தொடரவும் வேண்டும். இப்படி ஒருவர் கூடவே இருந்து உதவும் முறையைப் பற்றிய 60 ஆய்வுகளை கல்வி ஆய்வாளர் மேத்யூ கிராஃப்டும் உடன் இருவரும் 2018இல் தொகுத்துப் பார்த்தார்கள். கற்பித்தலில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது, பிள்ளைகளின் தேர்ச்சியிலும் ஓரளவு தெரிந்தது. ஏராளமான ஆசிரியர்களுக்கு என்று திட்டத்தை விரித்தபோது மட்டும் பலன் மெலிந்துபோனது. பிரம்மாண்டமான இணையவழிப் பயிற்சிகளின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒருவர் பாடம் நடத்துவதை மற்றவர்கள் பார்த்துப் பேசுவது ஜப்பானியப் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் வகுப்பில் இருந்து, ஆசிரியரைவிட அதிகமாகப் பிள்ளைகளைக் கவனிப்பார்கள்: யார் எந்த வரியில் தடுக்கினார், யார் பக்கத்து நோட்டைப் பார்த்தார் என்று. அப்புறம் உட்கார்ந்து பேசுவார்கள்.

ஆக, அறிவிப்பு வந்ததும் நான் முதலில் தேடுவது, பயிற்சிக்குப் பிறகு இரண்டாவது சந்திப்பு உண்டா என்பதைத்தான். இடையில் வகுப்பில் செய்துபார்த்து வரச்சொல்கிறார்களா? என் பாடத்தைப் பற்றியதா, அல்லது எந்தப் பாடத்துக்கும் ஒட்டவைக்கக்கூடிய பொதுப் பேச்சா? கருத்தாளர் எவ்வளவு புகழ்பெற்றவர் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இலவச இணையப் படிப்புகளை முழுதாக முடித்தாக வேண்டும் என்றும் இல்லை. அடுத்த வாரம் நீங்கள் நடத்தப்போகும் பாடத்துக்கு உதவும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

செய்திகளைப் பற்றி. பாடத்திட்டம், தேர்வு தொடர்பான மாற்றங்களுக்கு மூலச் சுற்றறிக்கையையே படியுங்கள். குழுவில் அதன் சாரம் என்று வருவதில் பாதி, அனுப்பியவரின் பதற்றம்தான். வாரம் ஒருமுறை பார்த்தால் தாராளம். 'ஆய்வுகள் சொல்கின்றன' என்று தொடங்குபவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். படித்தால் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்டால் 20, செய்தால் 90 என்று ஒரு கூம்புப் படம் பயிற்சிக்குப் பயிற்சி வருமே? அதற்கு மூலமாக, அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் வெளியிட்ட கூம்பில் அந்த எண்களே கிடையாது, பிற்பாடு யாரோ ஒட்டியவை. காட்சிவழிக் கற்பவர், செவிவழிக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பக் கற்பிக்கச் சொல்வதும் அப்படித்தான். அதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர்கள் நால்வர் 2008இல் விரிவாகவே எழுதிவிட்டார்கள். பயிற்சி அரங்குகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

இந்தப் பருவத்தில் எதிலும் புதிதாகச் சேர வேண்டாம் என்பேன். ஏற்கெனவே கேட்டதில் ஒன்றை எடுங்கள், காத்திருக்கும் நேரமாகவே இருக்கட்டும். உங்களுக்கு ஒத்துவரும் ஒரு சக ஆசிரியரைப் பிடியுங்கள். வாரம் ஒரு பாடவேளை அவர் உங்கள் வகுப்பில், ஒரு பாடவேளை நீங்கள் அவர் வகுப்பில். கால அட்டவணையில் அதற்கு இடம் கேட்டுத் தலைமையாசிரியரிடம் போங்கள். பயிற்சி நடத்துவதை விட அவருக்கும் இது சுலபம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: பார்க்க வருபவர் எழுதும் குறிப்பு வகுப்பு எடுத்தவர் கையிலேயே இருக்க வேண்டும், பணி மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகக் கூடாது. போகும் என்று தெரிந்தால், அவர் வரும் அன்றைக்கு மட்டும் நீங்கள் வேறு ஆசிரியராகிவிடுவீர்கள்.