கடற்கரையில் ஒரே கேமரா: குறும்படம் எடுக்கும் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரம் கடலோரத்தில் தொண்டி முதல் வாலிநோக்கம் வரை குழுவாகக் குறும்படம் எடுக்கும் மாணவர்கள் கேட்டவை இவை. எல்லோர் கையிலும் இருப்பது ஒரே கேமராதான். என் வேலை ஒளிப்பதிவும் படத்தொகுப்பும். அதற்கு வெளியே கேட்டவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்லியிருக்கிறேன்.

கீழக்கரை, கல்லூரி மாணவி: ஒரே கேமராவில் இருவர் பேசும் காட்சியை எப்படி எடுப்பது அண்ணே? படத்தில் இரண்டு முகமும் மாறி மாறி வருகிறதே?

நடிப்பவர்களைத் திரும்பத் திரும்ப நடிக்க வைத்துத்தான். முதலில் இருவரும் தெரிகிற மாதிரி, காட்சி முழுவதையும் ஒரே ஓட்டமாக எடுங்கள். இது மாஸ்டர் ஷாட். அப்புறம் கேமராவை ஒருவர் பக்கம் கொண்டுபோய் அதே காட்சியை மறுபடி முழுசாக எடுங்கள். பிறகு அடுத்தவர் பக்கம். அவரவர் வசனத்தை மட்டும் எடுத்துவிட்டு நகர்ந்தால், எதிரில் இருப்பவர் பேசும்போது இவர் முகம் எப்படி இருந்தது என்பது கிடைக்காது. எடிட்டிங்கில் உட்காரும்போது அதைத்தான் தேடுவீர்கள்.

கடற்கரையில் ஒரு வசதி உண்டு. இருவரையும் தண்ணீர் ஓரத்துக்கு இணையாக, எதிரெதிரே உட்கார வையுங்கள். கேமரா எப்போதும் கரைப்பக்கமே இருக்கட்டும். இரண்டு முகத்துக்குப் பின்னாலும் கடல் இருக்கும், பார்வையும் சரியாகப் பொருந்தும். ஒரு ஷாட்டுக்கு மட்டும் அழகுக்காகத் தண்ணீருக்குள் இறங்கிக் கரையைப் பார்த்து எடுத்தால், இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போல ஆகிவிடும்.

ஒரு காட்சியை எழுதும்போதே "இதைத் திரும்பச் செய்ய முடியுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்று இதைப் பல தடவை சொல்லப்போகிறேன்.

ராமநாதபுரம், பாலிடெக்னிக் மாணவர்: எந்த கேமரா வாங்கலாம்?

வாங்க வேண்டாம். குழுவில் இருப்பதிலேயே நல்ல போனை எடுங்கள். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்யுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் வெளிச்சத்திலும் படம் மினுங்காது. வெயிலில் 1/50 வைத்தால் வெளுத்துப்போகும், அதற்கு லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர் வேண்டும். காசு செலவழிப்பதானால் அதற்கும் மைக்குக்கும் செலவழியுங்கள்.

பாம்பன், கல்லூரி மாணவர்: எங்கள் கதையில் அப்பா கரைவலை இழுக்கிறவர். அந்தக் காட்சியை எப்படி எடுப்பது?

நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி. கரைவலையைத் திரும்பச் செய்ய முடியாது. வலையைக் கடலில் வளைத்து விட்டு, இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக் கரையிலிருந்து இழுத்து, மீன் சேரும் பை போன்ற மடி கரைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். அது அவர்கள் பிழைப்பு. உங்களுக்காக யாரும் இன்னொரு தடவை இழுக்க மாட்டார்கள், கேட்பதும் தப்பு.

ஆனால் உட்கார்ந்து கவனித்தால் ஒன்று தெரியும். கயிற்றைப் பிடித்தவர்கள் குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடப்பார்கள். கடைசி ஆள் ஓர் இடத்துக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் நடந்து போய், தண்ணீர் ஓரத்தில் மறுபடி பிடிப்பார். அடுத்தவரும் அப்படியே. இந்தச் சுற்று மணிக்கணக்கில் நடக்கும். ஒரே கேமராவுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்பாவாக நடிப்பவரை வரிசையில் சேர்த்துவிடுங்கள், உண்மையாகவே இழுக்கட்டும். முதல் சுற்றில் தூரத்திலிருந்து முழு வரிசை. அடுத்ததில் அவர் முகம். அதற்கடுத்து முறுக்கேறிய ஈரக் கயிற்றில் தண்ணீர் பிழிந்து சொட்டுகிற இடத்தில் கைகள். அப்புறம் குதிகால். கேமராவை மட்டும் கயிற்றின் ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மடி கரைசேரும் சில நிமிடம் ஒரே தடவைதான் வரும். அப்போது கேமரா மீனில் இருக்குமா, அப்பா முகத்தில் இருக்குமா என்று முந்தின நாளே முடிவெடுங்கள். நான் முகத்தில் வைப்பேன். மீனைத் தரம் பிரித்துக் கூடையில் போட நேரமாகும், அதை நிதானமாக எடுக்கலாம், மறுநாள்கூட எடுக்கலாம்.

முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய்க் கேளுங்கள். கேமரா இல்லாமல் ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்துவிட்டு வந்து எடுங்கள்.

மண்டபம், பள்ளி மாணவி: ஆடியில் எடுக்கலாமா? காற்று பயமாக இருக்கிறது.

எடுக்கலாம், வடகடல், அதாவது பாக் நீரிணை பக்கம் போங்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணை பக்கம் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அப்படியே தலைகீழ். இரண்டு கடலும் நடக்கிற தூரத்தில் இருக்கும் ஊரில் இருக்கிறீர்கள், பயன்படுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும். படகு கடலுக்குப் போகிற காட்சியை அந்த நாளில் திட்டமிடாதீர்கள்.

தேவிபட்டினம், கல்லூரி மாணவர்: காற்றில் வசனம் கேட்கவே இல்லை. எல்லாவற்றையும் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்தானே?

வேண்டாம். டப்பிங்கில் உதட்டோடு பொருந்தப் பேசப் பழக்கம் வேண்டும். அறைக்குள் பேசிய குரல் திறந்த கடற்கரை முகத்தில் ஒட்டாது.

பரமக்குடி, கல்லூரி மாணவர்: இதை ஏற்க முடியாது அண்ணே. தமிழ் சினிமாவே காலங்காலமாக டப்பிங்கில்தான் ஓடியது.

உண்மைதான் தம்பி. அதற்கு அவர்களிடம் நல்ல ஒலிக்கூடம் இருந்தது, சவுண்ட் இன்ஜினியர் இருந்தார், அதிலேயே ஊறிய நடிகர்கள் இருந்தார்கள். உங்களிடம் ஹாஸ்டல் அறையும் ஃபேன் சத்தமும் இருக்கிறது.

சின்னப்பாலம், கல்லூரி மாணவி: எங்கள் படத்தில் கடல்பாசி எடுக்கிற என் அப்பத்தாவே நடிக்கிறார். டப்பிங் பேச வைத்துப் பார்த்தோம். ஹெட்போனை மாட்டியதும் வாயே திறக்கவில்லை.

பரமக்குடித் தம்பி இதைப் படிக்க வேண்டும். அப்பத்தா பாசியை உதறிக்கொண்டே சொல்கிற சொல், அந்தக் கை வேலையோடு சேர்ந்துதான் வரும். மூன்று வாரம் கழித்து இருட்டறையில் திரையைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் எப்படி வரும்? இந்தக் கடற்கரையில் படம் எடுப்பதே இந்தக் குரல்களுக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. மைக்குக்கு ஸ்பாஞ்ச் போதாது, முடி உள்ள காற்றுக் கவர் போடுங்கள். நடிப்பவரின் முதுகு காற்றைப் பார்க்கட்டும். ஷாட் முடிந்த கையோடு அவரை ஒரு படகு மறைவுக்கு அழைத்துப்போய், கேமரா இல்லாமல், மைக்கை வாய்ப்பக்கம் வைத்து அதே வசனத்தை இரண்டு மூன்று தடவை சொல்ல வையுங்கள். அந்தச் சூடு ஆறுமுன் சொன்னால் வேகமும் மூச்சும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். எடிட்டிங்கில் பொருத்திவிடலாம். அங்கேயே ஒரு நிமிடம் யாரும் பேசாமல் வெறும் கடல் சத்தத்தையும் பதியுங்கள். இணையத்தில் கிடைக்கும் பேரலைச் சத்தத்தை வடகடல் காட்சிக்குப் போடாதீர்கள். அங்கே அலை அப்படி அடிக்காது, ஊர்க்காரர்கள் முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பரமக்குடி, அதே மாணவர்: மறைவில் சொல்ல வைப்பதும் ஒருவகை டப்பிங்தானே?

சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில், அதே இடத்தில், அதே காற்றில் செய்யுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

உச்சிப்புளி, பள்ளி மாணவர்: ட்ரோன் பறக்க விடலாமா?

உங்கள் ஊரிலேயே கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கிறது. வேண்டாம்.

ராமேஸ்வரம், கல்லூரி மாணவர்: தீவில் எடுக்க ஆசை. பாம்பன் ரயில் பாலத்திலும் ஒரு ஷாட்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவில் வருகின்றன, வனத்துறையைக் கேட்காமல் கால் வைக்காதீர்கள். ரயில் பாலம் ரயில்வேயுடையது, கரையிலிருந்து எடுங்கள்.

திருப்புல்லாணி, கல்லூரி மாணவி: எந்த கேமரா நல்லது?

மேலே இருக்கிறது.

தொண்டி, கல்லூரி மாணவர்: 4கே கேமரா வாடகைக்கு எடுத்தால்தான் படம் நன்றாக வருமா?

கேமராவைப் பற்றி இனி பதில் சொல்லப்போவதில்லை. கதையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. வாடகைக்கு எடுத்தாலும் கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். மணலும் உப்பும் உள்ளே போய்விடும்.

முதுகுளத்தூர், கல்லூரி மாணவி: எட்டுப் பேர் குழுவில் எல்லோருக்கும் டைரக்ட் செய்ய ஆசை.

ஒருவர் போதும். மீதிப் பேரில் மிகவும் கவனமானவருக்குத் தொடர்ச்சி பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் கைலி எதுவரை நனைந்திருந்தது, துண்டு எந்தத் தோளில், டீ கிளாஸ் எந்தக் கையில் என்று போனில் படம் பிடித்து வைக்க வேண்டும். கடற்கரையில் நனைந்த துணி அரை மணியில் காய்ந்துவிடும், பக்கத்திலேயே ஒரு குடம் தண்ணீர் வைத்திருங்கள். இன்னொருவருக்கு ஒரே வேலை: அன்றன்றைக்கு எடுத்ததை இரண்டு இடத்தில் காப்பி செய்து, இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே மெமரி கார்டை அழிப்பது.