கவலையும் மடையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா, பிறந்து இந்தத் தை மாதத்தோடு 100 ஆண்டுகள் நிறைகின்றன. காங்கேயம் பக்கத்தில் மேட்டாங்காட்டில் காளைகளைப் பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டியே ஐந்து பிள்ளைகளைக் கரையேற்றியவர். குடும்பத்துக்காகவே வாழ்ந்தார், தனக்கென்று ஒரு நல்ல வேட்டிகூட வாங்கிக்கொண்டதில்லை. அவருடைய உழைப்பில் பத்தில் ஒரு பங்கு இன்றைய தலைமுறையிடம் இல்லை. உறவினர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவு மலர் கொண்டுவர எண்ணுகிறேன். 78 வயதான பெரிய அத்தையைத் தவிர அவரை நெருங்கி அறிந்தவர்கள் இன்று இல்லை. புகைப்படமும் ஒன்றுதான் இருக்கிறது. மலரைக் கவிதையாக எழுதுவதா, கட்டுரையாக எழுதுவதா?

க.

அன்புள்ள க.,

கட்டுரையாகவே எழுதுங்கள். ஒரு புகைப்படம் போதும். வேட்டி விஷயம் இருந்துவிட்டுப் போகட்டும். இன்றைய தலைமுறையைப் பற்றிய வரியை மட்டும் அடித்துவிடுங்கள். தாத்தாவை உயர்த்துவதற்குப் பேரன்களைத் தாழ்த்த வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தைக் கீழே வைக்க முடியவில்லை. என் அப்பாரும் கவலை ஓட்டியவர்தான். 1955-இல் பவானிசாகர் அணை கட்டி முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது, வாய்க்காலுக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் நெல் நட்டார்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் வாய்க்காலுக்கு மேட்டுப்புறம் இருந்த எங்கள் நான்கு ஏக்கருக்கு ஒரு சொட்டும் ஏறவில்லை. ஆகவே மோட்டார் வைக்கும்வரை 50 அடிக் கிணறும் ஒரு ஜோடிக் காங்கேயம் காளைகளும்தான் எங்கள் பாசனம். செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் நிறம் மாறும் கன்றுப் பருவத்திலிருந்தே அவர் கையால் வளர்ந்த காளைகள் அவை.

கவலையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் மண்தடத்தில் காளைகள் கீழ்நோக்கி நடக்க, வடக்கயிறு உருளையில் ஓடி, சால் என்ற பெரிய வாளியை மேலே கொண்டுவரும்; இழுவைக்குப் பாரம் சேர, ஓட்டுபவர் வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். சால் மேலே வந்ததும் அதன் அடியிலுள்ள தும்பி என்ற தோல் குழாய் தொட்டிக்குள் நீண்டு தண்ணீரைக் கொட்டிவிடும். பிறகு காளைகளும் அவரும் பின்னோக்கி நடந்தே மேடேற வேண்டும். அப்பாரு கோழி கூப்பிடப் பூட்டி, வெயில் ஏறுவதற்குள் 200 சால் இறைப்பார். ஒரு சாலுக்கு இறங்க 50 அடி, ஏற 50 அடி என்றால் ஒரு காலையில் 20,000 அடி. ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். அதில் பாதியை அவர் பின்னோக்கியே நடந்தார். வடம் உரசி உரசி அவருடைய தொடையின் பின்புறம் காய்த்துக் கறுத்திருந்தது. பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்தக் காய்ப்பைத் தொட்டுப் பார்க்கக் கொடுப்பார்.

இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த 200 சால் தண்ணீரும் தொட்டியை விட்டு எங்கே போயிற்று என்று நாற்பது வயதுவரை நான் கேட்டதில்லை.

அது ராகிப் பாத்திகளுக்குப் போயிற்று. ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டிப் போட்டு அந்த மடையை அடைத்து, அடுத்த மடையைத் திறக்க வேண்டும். பிந்தினால் வரப்பு உடையும். முந்தினால் பாத்தியின் கடைசி வரிசை காயும். வடத்தின்மேல் உட்கார்ந்திருப்பவரால் அதைச் செய்ய முடியாது. கவலை ஓடும் நேரம் முழுவதும் மறுமுனையில் மண்வெட்டியோடு ஓர் ஆள் நின்றாக வேண்டும். எங்கள் காட்டில் நின்றவர் அப்பத்தா. இருட்டில் வரப்பின்மேல் லாந்தரை வைத்துவிட்டு, கைக்குழந்தையை வேப்பமரத்துத் தூளியில் போட்டுவிட்டு, கணுக்கால் சேற்றில் நின்றார். படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் காலுக்கு எண்ணெய் தடவிவிட்டபோதுதான் அவருடைய விரலிடுக்குகளைப் பார்த்தேன். சேற்றுப்புண் ஆறி, வெடித்து, மறுபடி ஆறிய தோல் வெளுத்துத் தடித்திருந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசிக்கொண்டு, சேலையை இழுத்து மூடிக்கொண்டுதான் அவர் எங்களோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலைத் தொட்டுப் பார்க்க அவர் யாரையும் கூப்பிட்டதில்லை.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள். அதில் காடு இருக்கிறது, கவலை இருக்கிறது, ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஐவரைப் பெற்றவர் ஒரு சொல்லாகக்கூட இல்லை. குடும்பத்துக்காகவே வாழ்ந்தார் என்று எழுதும்போது, குடும்பம் என்று யாரை எண்ணினீர்கள்? எனக்குக் கோபம் வருகிறது. அதில் பாதி, இத்தனை காலம் இதையே செய்துவந்த என்மேல்தான்.

இன்னொருவரும் உண்டு. தும்பிக்குத் தோல் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர் ஓர் அருந்ததியர். தும்பி கிழிந்தால் அன்று பாசனம் இல்லை. அவர் தைத்த தோலின் வழியே வந்த தண்ணீரை எங்கள் வீட்டில் எல்லோரும் குடித்தோம். அவருக்கு மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்திக் குவித்த கையில் ஊற்றினார்கள். அப்பாருடைய காய்ப்பை எழுதும் நான் இதையும் அவர் கணக்கிலேயே எழுதியாக வேண்டும். அவர்மேல் எனக்கிருக்கும் பாசம் அதனால் குறைந்துவிடவில்லை.

உங்கள் பெரிய அத்தை கவலை ஓடிய காலத்தைக் கண்ணால் பார்த்தவர். ஒருவேளை பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அவரே மடையில் நின்றிருக்கலாம். வரும் ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள். அப்பாரைப் பற்றிக் கேட்பது பிறகு இருக்கட்டும். கவலை ஓடும்போது மடை மாற்றியது யார், தும்பி தைத்தவர் பெயர் என்ன என்று முதலில் கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். மலரின் முதல் பக்கத்தில் அதைப் போடுங்கள்.