தாத்தாவின் ரிவால்வர்: வைத்திருக்கலாமா, சுடலாமா?

கேள்வி: என் தாத்தா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கராக இருந்தவர். எஸ்டேட் துரை ஊர் திரும்பும்போது தன் ரிவால்வரை முறைப்படி அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தாராம். பிறகு அப்பா அதற்கு லைசென்ஸ் வைத்திருந்தார். சென்ற ஆண்டு அப்பா காலமானார். இப்போது டிரங்குப் பெட்டியில் அது கிடைத்திருக்கிறது. குழல் ஆறு அங்குலம் இருக்கும். நடுவில் மடங்கித் திறக்கும் வகை. ‘மார்க்’ என்ற சொல்லும் ரோமன் எண்ணில் ஆறும், 1917 என்ற ஆண்டும், சிறகு முளைத்த தோட்டா போன்ற ஒரு முத்திரையும் தெரிகின்றன. புகையிலை டப்பா ஒன்றில் ஆறு தோட்டாக்களும் இருக்கின்றன. இது என்ன துப்பாக்கி? தோப்பில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சுட வேண்டாம், ஐயா, ஒருமுறைகூட வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், இது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் செய்த மார்க் ஆறு ரிவால்வராகவே இருக்க வேண்டும். சிறகுள்ள தோட்டா அந்த நிறுவனத்தின் முத்திரை. இந்த வகை 1915இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது. முதல் உலகப் போரில் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது பெரும்பாலும் இதுதான். தோட்டாவின் அளவு 0.455 அங்குலம். ராணுவத்துக்கென்று செய்தவற்றில் அம்புமுனை போன்ற ஓர் அரசாங்கக் குறி இருக்கும். அதற்கு நேர் எதிராக இன்னொரு அம்பு, முனையோடு முனை முட்டும்படி பொறிக்கப்பட்டிருந்தால், ராணுவம் அதைத் தன் கணக்கிலிருந்து கழித்து விற்றுவிட்டது என்று பொருள். துரையின் கைக்கு அது எப்படி வந்திருக்கும் என்பதற்கு அந்தச் சின்னஞ்சிறு இரட்டை அம்பே சாட்சி.

எழுத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கைபர் கணவாய்ப் பகுதிப் பட்டறைகளில் இதே ரிவால்வரை அச்சு அசலாக நகல் எடுத்திருக்கிறார்கள். அவற்றில் ஆங்கில எழுத்துகள் திரும்பியோ பிழையாகவோ விழுந்திருக்கும், இரும்பின் தரத்துக்கும் எந்த உறுதியும் கிடையாது. சில துப்பாக்கிகளின் மேல்பட்டையில் மெட்ராஸ் பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற கடைகளின் பெயர் காணப்படும். அது விற்றவர் பெயர், செய்தவர் பெயர் அன்று. உண்மையான பர்மிங்காம் துப்பாக்கியென்றால், உடற்பாகத்திலும் தோட்டா நிரப்பும் உருளையிலும் குழலிலும் ஒரே வரிசை எண் இருக்கிறதா என்பதுதான் அடுத்த சோதனை. எண்கள் வேறுபட்டால், இடையில் ஏதோ ஒரு பாகத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

ஆனால் இந்த எண்களைத் தேடுவதற்காக நீங்கள் அதைத் தேய்க்கக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன், இதுபோன்ற ஒன்றைக் காட்ட ஒருவர் வந்தார். துரு அசிங்கமாக இருக்கிறதென்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளிக் கரண்டி போலப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்திருந்தார். முத்திரை இருந்த இடத்தில் விரலால் தடவினால்கூட ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்தத் துப்பாக்கியின் வரலாறு முழுவதும் உப்புத்தாளோடு போய்விட்டது. இன்று நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

இனி சுடக் கூடாது என்பதற்கான காரணம். அந்த டப்பாவில் இருப்பவை பல பத்தாண்டுகள் பழைய தோட்டாக்கள். மலையின் ஈரத்திலும் சமவெளியின் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்த மருந்து சீராக எரியாது. சில சமயம் விசையை இழுத்ததும் வெடிக்காமல், என்ன ஆயிற்று என்று திருப்பிப் பார்க்கும் நொடியில் வெடிக்கும். சில சமயம் பாதி பலத்தில் வெடித்து, குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளந்து, சுட்டவர் கையையே பதம் பார்க்கும். மடங்கித் திறக்கும் ரிவால்வரில் மேலே பூட்டும் கொக்கி தேய்ந்திருந்தாலும், உருளை குழலுக்கு நேராக வந்து நிற்காவிட்டாலும் ஆபத்து வேறு வழியில் வரும். இவற்றைப் பட்டறையில் கருவி வைத்துப் பார்ப்பவரால்தான் சொல்ல முடியும். காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை, அனுமதியில்லாமல் அதைச் சுடுவது வன உயிரினச் சட்டப்படி தனிக் குற்றம்; அதற்கு வனத்துறையை அணுகுங்கள்.

உருளைக்குள் தோட்டா இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கிறது என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். விசையில் விரல் வைக்காதீர்கள். ஆள் இருக்கும் திசையில் குழலைத் திருப்பாதீர்கள். பூட்டு இறுகியிருந்தால் தட்டியோ நெம்பியோ திறக்க முயலாதீர்கள். பெட்டியிலேயே வைத்துப் பூட்டி, சாவியைப் பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

அடுத்து, தேட வேண்டியது அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தை. வீட்டில் தலைமுறையாக இருக்கும் பொருள்தானே என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். அப்பாவின் உரிமம் உங்களுக்கு உரிமை தராது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, வைத்திருப்பதற்கான உரிமை முடிந்துபோன ஆயுதத்தைத் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். உரிமமின்றி ஆயுதத்தை எடுத்துச் செல்வதும் குற்றம் என்பதால், பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் புறப்பட்டுவிடாதீர்கள். லைசென்ஸ் புத்தகத்தையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் மட்டும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய், நடந்ததை எழுதிக் கொடுத்து, அவர்களே வந்து எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். தோட்டாக்கள் ஆறு என்பதையும் அதில் எழுதுங்கள். அவற்றைக் கிணற்றிலோ குப்பையிலோ போடாதீர்கள். வரிசை எண்ணோடு ரசீது வாங்காமல் விடாதீர்கள்.

ஒப்படைத்துவிட்டால் போய்விட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. சட்டப்படி வைத்திருக்கும் தகுதி கிடைத்ததும் திரும்பப் பெறும் உரிமை அதே பிரிவில் இருக்கிறது. வாரிசுகளுக்கு உரிமம் வழங்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் தனி விதி உண்டு. வாரிசுச் சான்றிதழும், உடன்பிறந்தவர்களின் ஆட்சேபமின்மைக் கடிதமும் தயாராக இருக்கட்டும். ஒரே சிக்கல், 0.455 என்பது தடைசெய்யப்பட்ட ‘போர்’ (bore), அதாவது தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட குழல்துளை அளவு வகையில் வருகிறது. ஆகவே முடிவு மாவட்ட அலுவலகத்தோடு நின்றுவிடாமல் மத்திய உள்துறை அமைச்சகம் வரை போகலாம், காலம் பிடிக்கும். அதுவரை தாத்தாவின் நினைவாக வீட்டில் வைத்துக்கொள்ள அந்தப் பழைய லைசென்ஸ் புத்தகத்தின் பக்கங்களைப் படியெடுத்து வையுங்கள். துரையிடமிருந்து பெயர் மாறிய தேதி அதில் இருந்தால், துப்பாக்கி திரும்பி வரும் நாளில் அதன் வரலாற்றை நிறுவும் முதல் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும்.