அரியர் என்றால் பாக்கி

கேள்வி: அரசுப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் படிக்கிறேன். கட்டணம் ஏறுகிறது, தரம் இறங்குகிறது. அரியர் தாளுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் பணம் கட்டி மாளவில்லை. மாணவர் சங்கத் தேர்தல் நடந்தால் நிர்வாகத்தில் எங்கள் குரல் எடுபடுமா?

பதில்: தேர்தல் இருக்கட்டும். 'அரியர்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை விட மனம் வரவில்லை. அரியர் என்றால் பாக்கி. அரசு ஊழியருக்கு அரியர் வந்தால் வீட்டுக்குப் பணம் வருகிறது. மாணவருக்கு அரியர் விழுந்தால் வீட்டிலிருந்து பணம் போகிறது. ஒரே சொல், ஆனால் கடன்காரர் இடம் மாறிவிடுகிறார். ஒரு பருவம் முழுக்க ஆசிரியர் இல்லாமல் ஒரு தாள் ஓடினால் அது யாருடைய பாக்கி? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற இருநூற்றுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில், ஒரே ஆள் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராக இருந்தார். பட்டியலில் மட்டும் இருந்த ஆசிரியரின் பாடத்தில் தோற்றவர் தாளுக்குத் தாள் பணம் கட்டுகிறார். இணைப்பு கொடுத்தவர்கள் எதையும் கட்டவில்லை.

'அரியர் வைத்தவன்தான் தரத்தைக் கெடுக்கிறான்' என்று இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், தமிழக அரசு அரியர் மாணவர்களுக்குச் செய்த 'ஆல் பாஸ்' அறிவிப்பைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். அதன் நிபந்தனையை யாரும் படிப்பதில்லை: தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் தேர்ச்சி. பாடம் படித்தாரா என்பதல்ல, ரசீது இருக்கிறதா என்பதே அளவுகோல். 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் தேர்வு நடத்தச் சொன்னது. தரத்தை ரசீதால் அளந்தது மாணவர் அல்ல.

கட்டணத்துக்கு வருகிறேன். கல்விக் கட்டணம் உயர்ந்தால் ஊரே பேசும். அதனால் உயர்வு சத்தமில்லாத இடங்களில் நடக்கும். தேர்வுக் கட்டணம், மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்று, விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு, பட்டச் சான்று. 2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுக் கட்டணத்தைத் தாளுக்கு 150 ரூபாயிலிருந்து 225 ஆக்கியது. எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தார்கள். அப்போது மாணவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி 'ஏன் உயர்த்தினீர்கள்' அல்ல. கடந்த மூன்று ஆண்டுகளில் தேர்வுக் கட்டண வரவு எவ்வளவு, தேர்வுப் பிரிவின் செலவு எவ்வளவு, திருத்திய விடைத்தாள்கள் எத்தனை? மூன்று எண்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு தாளுக்கு ஆகும் உண்மைச் செலவு கிடைத்துவிடும். அத்துடன் நிதிக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பையும் உள்ளாட்சி நிதித் தணிக்கையின் தணிக்கைத் தடைகளையும் (கணக்கில் அவர்கள் எழுப்பிய ஆட்சேபணைகளை) கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் ஓட்டை எங்கே என்பது அந்தத் தடைப் பட்டியலில் பத்தி எண்ணோடு இருக்கும்.

இனி என் நெடுநாள் பிடிவாதம்: விடைத்தாள். 2011 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டப்படி பார்க்கவும் நகல் பெறவும் தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகம் தன் விதிப்படி நகலுக்குத் தனிக் கட்டணம் வைத்திருந்தாலும் தகவல் உரிமை வழி மூடிவிடாது. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிலுக்கு 30 நாள்.

மனு எங்கே தோற்கிறது தெரியுமா? 'எனக்கு ஏன் மதிப்பெண் குறைந்தது' என்று கேட்டால் அது தகவல் அல்ல, விளக்கம், திருப்பிவிடுவார்கள். தாளின் குறியீடு, பதிவு எண், தேர்வு நடந்த மாதம், ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு 'கூடுதல் தாள்கள் உட்பட நகல் தருக' என்று மட்டும் கேளுங்கள். திருத்தியவர் பெயரை மறைத்துத்தான் தருவார்கள்; அது சரியானதே. தாமதம் இன்னொரு படுகுழி. விடைத்தாளைப் பாதுகாக்கும் காலம் முடிந்து அழித்துவிட்டால் உரிமையும் அதோடு போய்விடும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே முடிவு வந்த வாரமே மனு போடுங்கள்; பதில் வரும்வரை தாளை அழிக்கக் கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள். மறுமதிப்பீட்டின் கடைசித் தேதி இதற்காகக் காத்திருக்காது. அது நெருங்கினால் பல்கலைக்கழகத்தின் சொந்த நகல் வழியில் பணம் கட்டி வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

நகல் வந்ததும் உள்ளே போட்ட மதிப்பெண் முன்பக்கக் கட்டத்துக்கு ஏறியிருக்கிறதா பாருங்கள். திருத்தாமல் விட்ட விடை உண்டா, கூடுதல் தாள் கோத்திருக்கிறதா, 'இது அல்லது அது' வகைக் கேள்வியில் உங்கள் விடை எந்த எண்ணில் கணக்கானது? இவை கூட்டல் பிழை வகை, மறுகூட்டலிலேயே தீரும். விடையின் மதிப்பு பற்றிய சண்டை என்றால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். மறுமதிப்பீட்டிலேயே மதிப்பெண் விலைபோனதாக 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கு போட்ட மாநிலம் இது. நகல் கையில் இருப்பதே காப்பு.

அடுத்த படி மாணவர் குறைதீர்ப்புக் குழு. 2023 ஏப்ரலில் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, புகார் வந்து 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் 15 நாளுக்குள் ஒம்புட்ஸ்பர்சன் எனும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. அவருக்கு 30 நாள். 'மறுபடி திருத்துங்கள்' என்ற புகாரை அவர் சாதாரணமாக ஏற்க மாட்டார். முடிவைப் பாதித்த குறிப்பிட்ட முறைகேடு என்றோ பாகுபாடு என்றோ காட்டினால்தான் எடுப்பார். அதற்கு மேலே சொன்ன நகல்தான் சான்று. அந்தக் குழுவில் மாணவப் பிரதிநிதி ஒருவர் இருக்கிறார், 'சிறப்பு அழைப்பாளர்' என்ற பெயரில். குழு யாருக்காகவோ அவர் அங்கே விருந்தாளி. அந்தச் சொல்லை மாற்றும் நாளில்தான் விதி முழுமையாகும் என்பேன்.

தேர்தல் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் மாணவர் தேர்தலுக்காக 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழுப் பரிந்துரைகளைப் படித்துவிட்டுக் கேளுங்கள். வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்குள், வருகை 75 சதவீதம் என்பதெல்லாம் நியாயம். போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. தேர்வுப் பிரிவால் அதிகம் அடிபட்டவர் எவரோ, அவருக்குத்தான் வாசல் அடைப்பு. பட்டியல் ஆசிரியரிடம் படித்துத் தோற்றவர் வேட்பாளராகக் கூடாது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற சர்ச்சையில் 2022இலிருந்து பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அது முக்கியம்தான். ஆனால் யார் நியமித்தாலும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட் கூட்டத்தில் மேசைப்பொருளாகத் திடீரென வைத்துக் கட்டண உயர்வை நிறைவேற்றும் வழக்கம் தானாக மாறாது. உங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்வுக் கட்டணம் கடைசியாக உயர்ந்த கூட்டத்தின் பொருள்நிரல் (அஜெண்டா) நகலையும் நடவடிக்கைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். உயர்வு முன்கூட்டியே பொருள்நிரலில் இருந்ததா, அன்றைக்குத்தான் மேசைக்கு வந்ததா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் பெயரோடு போடுகிறேன்.