கதை எழுதும் மகளுக்கு எந்தப் படிப்பு?

தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியும், தமிழ்தான் படிப்பேன், என் கிறிஸ்தவ விசுவாசத்தைக் கதைகளாக எழுதுவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அப்பாவுக்கு நர்சிங்தான் விருப்பம். "கோயில் மலரில் எழுதினால் சோறு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காதம்மா. பங்கு மலர்களும் சபைப் பத்திரிகைகளும் பெரும்பாலும் சன்மானம் தருவதில்லை. தந்தாலும் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

ஆனால் தமிழ் படித்தவர் பிழைக்க வழி இருக்கிறது. பி.ஏ. தமிழும் அப்புறம் பி.எட்.டும் முடித்தால் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதலாம். படிக்கும்போதே மெய்ப்புத் திருத்தம் (அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது), மொழிபெயர்ப்பு, யூனிகோடு தட்டச்சு மூன்றையும் கற்றுக்கொள்ளட்டும். பதிப்பகங்களில் இதற்கெல்லாம் வேலை உண்டு. காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரிக்கு உங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரலாம். தமிழின் முதல் நாவலை 1879-இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்தவர். கிறிஸ்தவக் கம்பர் என்று பெயர் வாங்கிய கிருஷ்ணப் பிள்ளை தமிழாசிரியர். இரண்டு பேருக்கும் சம்பளம் வேறு இடத்திலிருந்துதான் வந்தது.

கம்பர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1939-லிருந்து கம்பன் விழா நடக்கும் காரைக்குடி உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராமாயணம் பேசும் இடத்துக்கு நம் கிறிஸ்தவப் பிள்ளை போகலாமா என்று தயங்காதீர்கள். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரைத் தலைவனாக வைத்துத் தேம்பாவணிக் காப்பியத்தை 3,615 பாடல்களில் பாட முடிந்ததென்றால், தமிழ்க் காப்பியங்களில் ஊறியதுதான் காரணம். அவள் போய்க் கேட்கட்டும்.

நீங்கள் அனுப்பிய அவள் கதையை இரண்டு முறை படித்தேன். ஓரியூர் புனித அருளானந்தர் திருவிழாவுக்கு நடந்து போகிற கூட்டத்தில் ஒரு மாமியார், ஒரு மருமகள். இருவரும் பேசி வெகுநாளாகிறது. வழியில் மாமியாரின் செருப்பு வார் அறுந்துபோகிறது. மருமகள் தன் செருப்பைக் கழற்றி அவர் காலருகே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் முன்னால் நடக்கிறாள். அருமையான இடம்! அதற்குப் பிறகு ஒரு பக்கம் முழுக்க மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம், இரண்டு வேத வசனங்கள். அந்தப் பக்கம் வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். இயேசு சொன்ன ஊதாரி மகன் கதையில், திரும்பி வந்த தம்பிக்கு அப்பா விருந்து வைத்ததால் கோபித்துக்கொண்டு வெளியே நின்ற மூத்த மகன் கடைசியில் வீட்டுக்குள் போனானா, இல்லையா? அவர் சொல்லவே இல்லை. கேட்டவர்களிடமே விட்டுவிட்டார். அந்தக் கதை வரும் பைபிள் பகுதியை, லூக்கா 15-ஐ, எழுத்தாளராக ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். பக்கத்து வீட்டு ஆச்சி கோயிலுக்கே வராதவராக இருக்கலாம். ஆனால் அந்தச் செருப்பு அவருக்கும் புரியும். அவரிடம் இந்தக் கதையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே அவர் கவனம் கலைகிறதோ, அங்கே திருத்த வேண்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: விண்ணப்பத்தில் தமிழை முதல் விருப்பமாகப் போடுங்கள். நர்சிங் நல்ல தொழில்தான். ஆனால் மனமில்லாதவரை நோயாளியின் பக்கத்தில் நிறுத்துவது இருவருக்குமே சிரமம். அப்பாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லையென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நேரில் வாருங்கள். படிப்புச் செலவு, சம்பளம் எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.