மீன் தீவனத்தில் நுண்தாதுக்கள்: கேள்வி பதில்

குட்டையில் கட்லா, ரோகு வளர்க்கிறேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் தீவனம். மாட்டுக்கு வாங்கும் தாது உப்புக் கலவையைக் குட்டையில் வீசச் சொல்கிறார்கள். வீசலாமா? (ஒரத்தநாடு)

வேண்டாம். சாணமிட்டுப் பச்சை பிடித்த தண்ணீரில் மிதவை உயிரிகளும் சேற்றுப் புழுக்களுமே துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றைத் தந்துவிடும். வீசிய பொடியில் பெரும்பகுதி சேற்றுக்குத்தான் போகும். கால்சியத்தை மீன் செவுள் வழியே தண்ணீரிலிருந்து இழுத்துக்கொள்ளும். நுண்தாதுக்களுக்கு முக்கிய வழி வாய்தான். கொடுப்பதானால் தீவனத்தில் கொடுங்கள்.

சிமெண்ட் தொட்டியில் திலேப்பியா. சோயா, தவிடு, புண்ணாக்கு கலந்து நானே தீவனம் செய்கிறேன். துடுப்பு ஓரம் அரித்திருக்கிறது, சில மீன்களுக்குக் கண் வெளுத்திருக்கிறது. (பவானி)

ஒரு மீனைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணின் மேற்பரப்பு பளபளப்பாக இருந்து, உள்ளே கண்மணிக்குப் பின்னால் வெள்ளை உருண்டை தெரிந்தால் அது கண்புரை. மேற்பரப்பே மங்கிச் சொரசொரப்பாக இருந்தால் காயமோ கிருமியோ காரணமாக இருக்கலாம். கண்புரையும் துடுப்பு அரிப்பும் வளர்ச்சிக் குறைவும் சேர்ந்து வந்தால் முதலில் துத்தநாகத்தைச் சந்தேகிப்பேன்.

'துத்தநாகம் தவிட்டிலேயே இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது, ஆனால் தவிடு, சோயா, புண்ணாக்கு எல்லாவற்றிலும் இருக்கும் பைட்டிக் அமிலம் அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. மீன் தின்கிறது, கழிவோடு வெளியேற்றுகிறது. ஆய்வுக்கூடத்தின் சுத்திகரித்த தீவனத்தில் கெளுத்திக்குக் கிலோ தீவனத்துக்கு 20 மி.கி. துத்தநாகம் போதும் என்று கண்டார்கள். பயறுவகைப் புண்ணாக்கு நிறைந்த நடைமுறைத் தீவனத்துக்கோ 150 மி.கி. வரை பரிந்துரைத்தார்கள். அத்தனை வித்தியாசம்!

மீன்தூள் சேர்த்தால் தீருமா என்றால், எந்த மீன்தூள் என்று கேட்பேன். தலையும் முள்ளுமாக அரைத்த கழிவுத் தூளில் கால்சியம் பாஸ்பேட் மிகுதி. அதுவும் துத்தநாகத்தை உடம்பில் சேரவிடாது. அப்படிப்பட்ட தூளைத் தின்ற டிரவுட் என்ற குளிர்நீர் மீன்களுக்கே கண்புரை வந்திருக்கிறது. ஒரு முறை வெளுத்த கண் பெரும்பாலும் தெளியாது. இனி வரும் குஞ்சுகளுக்காகத் தீவனத்தைத் திருத்துங்கள்.

வயலுக்கு வாங்கிய ஜிங்க் சல்பேட் (துத்தநாக உப்பு) வீட்டில் இருக்கிறது. அதையே கலக்கலாமா? (திருவாரூர்)

உர மூட்டையைத் தொடாதீர்கள். அதில் ஈயம், காட்மியம் கலந்திருக்க வாய்ப்புண்டு. தீவனத் தரத்தில் தனியாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. 100 கிலோ தீவனத்தில் கிலோவுக்கு 100 மி.கி. துத்தநாகம் கூட்ட 10 கிராம் துத்தநாகம் தேவை. ஏழு நீர் மூலக்கூறு கொண்ட சல்பேட்டில் சுமார் 22 சதவீதம்தான் துத்தநாகம் என்பதால் அந்த உப்பு 45 கிராம் அளவு வரும். கைப்பிடி மாவில் முதலில் கலந்து, அதைப் பத்து கிலோவில் கலந்து, பிறகு மொத்தத்தில் கலக்குங்கள். நேரே கொட்டிக் கிளறினால் ஒரு மூலையில் விஷம், மறுமூலையில் பட்டினி.

பைட்டிக் அமிலத்தை உடைக்கும் பைட்டேஸ் நொதி போட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார் தீவனக் கடைக்காரர். (ஒரத்தநாடு வாசகரே)

திலேப்பியாவுக்கு என்றால் ஓரளவு சரி. அதற்கு அமிலம் சுரக்கும் இரைப்பை உண்டு, கடையில் கிடைக்கும் பைட்டேஸ்கள் பெரும்பாலும் அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். உங்கள் கட்லா, ரோகுவுக்கு இரைப்பையே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. கெண்டை இனத்துக்கு நொதி வாங்குமுன் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். தவிட்டை நொதியோடு முன்னதாகவே ஊறவைத்துக் கொடுத்தால் பலன் இருக்கலாம்.

செலினியம் கூடுதலாகக் கொடுத்தால் நோய் எதிர்ப்பு கூடுமாமே? (தேனி)

தேவை பெரும்பாலும் கிலோ தீவனத்துக்கு அரை மில்லிகிராமுக்கும் கீழ். டிரவுட் மீனுக்குப் பதின்மூன்று மி.கி. அளவிலேயே நஞ்சாகியிருக்கிறது. வீட்டுத் தராசில் நிறுக்கிற சரக்கல்ல இது. தயார் நுண்தாதுக் கலவையில் இருப்பது போதும். வைட்டமின் ஈ குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

எங்கள் போர்த் தண்ணீர் செம்மண் நிறமாக மாறுகிறது. இரும்புச் சத்து தனியாக வேண்டாம்தானே? (அரியலூர்)

அந்த இரும்பு சத்தாகாது. காற்றுப் பட்டதும் துருவாகிச் செவுளில் படியும், முட்டை மேலும் படியும். உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு தொட்டியில் தெளியவைத்துப் பிறகு பாய்ச்சுங்கள்.

மீனுக்கும் கழுத்துக் கழலை வருமா? (பெயர் இல்லை)

வரும். 1910 வாக்கில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு குஞ்சுப் பொரிப்பகத்தில் டிரவுட் மீன்களுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. புற்றுநோய் என்ற பேச்சு இருந்தது. டேவிட் மெரைன் என்ற மருத்துவர் அது அயோடின் குறைவால் வந்த கழலை என்று காட்டினார். மீன்களுக்கு அயோடின் குறைவான விலங்கு ஈரலே உணவாக இருந்தது. கடல்மீன் கலந்த தீவனம் கொடுப்பவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. முழுக்கத் தாவரத் தீவனம் என்றால் கலவை வாங்கும்போது அயோடின் சேர்ந்திருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள்.