உடம்புக்கு அடியில் என்ன இருக்கிறது? வெளியில் தங்குபவர்களுக்கான கையேடு: கேள்வி பதில்

வீடில்லாமல் வெளியில் இரவைக் கழிப்பவர்களுக்காக, சட்டைப்பையில் அடங்கும் கையேடு ஒன்றைக் குழுவாகச் சேர்ந்து தயாரிக்கிறோம். அதற்காக வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதலுதவி பற்றி நான் சொல்வது எதுவானாலும், அச்சுக்குப் போகும் முன் ஒரு மருத்துவர் வரிவரியாகப் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: முதல் பக்கத்தில் எதைப் போடலாம் அண்ணா? தீ மூட்டுவதா, கூடாரம் போடுவதா?

இரண்டும் வேண்டாம். படுக்கையின் அடிப்பக்கம்தான் முதல் பக்கம்.

கையில் ஒரு போர்வை கிடைத்தால் எல்லோரும் அதை மேலேதான் போர்த்திக்கொள்வார்கள். ஆனால் சிமென்ட் தரை இரவு முழுக்க உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சூட்டைக் காப்பது துணிக்குள் அடைபட்டு நிற்கும் காற்று. முதுகுக்கு அடியில் உள்ள துணி நம் எடையில் நசுங்கி அந்தக் காற்றை இழந்துவிடும். அதனால் அடியில் நசுங்காத பொருள் வேண்டும். அதில் சுலபமாகக் கிடைப்பது அட்டைப்பெட்டி. இரண்டு தாள்களுக்கு நடுவே நெளிநெளியாக ஓடும் தாள் இருக்கிறதே, அதுதான் காற்றைப் பிடித்து வைக்கிறது.

முதலில் தரையில் பிளாஸ்டிக் தாளை விரிக்க வேண்டும், ஈரம் கீழிருந்து ஏறாது. அதன்மேல் பிரித்துத் தட்டையாக்கிய அட்டை, குறைந்தது நான்கு அடுக்கு. ஓர் அடுக்கில் நெளிவுகள் நீளவாக்கில் ஓடினால் அடுத்ததில் குறுக்கே ஓட வேண்டும். தோளும் இடுப்பும் படும் இடத்தில் இன்னும் இரண்டு துண்டு. அட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மெத்தென்று அமுங்கி மேலே எழும்பினால் நல்ல அட்டை. குழி விழுந்து அப்படியே நின்றால் அதில் காற்று இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

பலரும் தவறுவது பிளாஸ்டிக்கின் ஓரத்தில். அது அட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீர் அதில் விழுந்து நேராகப் படுக்கைக்குள் ஓடிவரும். நீட்டும் பகுதியை அட்டைக்கு அடியில் மடித்துவிட வேண்டும். காலையில் அட்டைகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தினால் இரவு ஏறிய வியர்வை ஈரம் காயும். நனைந்த அட்டையால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: வெள்ளித்தாள் மாதிரி மின்னும் அவசரகாலப் போர்வைகள் நிறைய வந்திருக்கின்றன. எப்படிப் பயன்படுத்தச் சொல்வது?

அது உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் சூட்டைத் திருப்பி அனுப்பும். அதற்கு உடம்புக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். தரையில் விரித்துப் படுத்தால் அது வெறும் மெல்லிய பிளாஸ்டிக். காற்றுப் புகாமல் சுற்றிக்கொண்டு தூங்கினால் வியர்வை உள்ளே நீராகப் படிந்து விடியலில் உடை நனைந்திருக்கும். துணிப்போர்வைக்கு மேலே, பக்கங்கள் திறந்திருக்கும்படி போடச் சொல்லுங்கள். தார்ப்பாய்க் கூரையின் உள்பக்கம் கட்டுவதும் நல்ல பயன்.

கேள்வி: கூடாரத்துக்குள் நாலு மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே மண்தொட்டியைக் கவிழ்த்தால் ஹீட்டர் போல வேலை செய்யும் என்கிறார்கள். சேர்க்கலாமா?

சேர்க்கக் கூடாது. ஒரு மெழுகுவர்த்தி தருவது ஏறக்குறைய 80 வாட் சூடு. தொட்டியைக் கவிழ்த்தாலும் அதே 80 தான், ஒரு வாட்கூட அதிகமாகாது. தொட்டி சூட்டை ஓரிடத்தில் தேக்குவதால் கைக்கு அதிகமாகத் தெரிகிறது, அவ்வளவே. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே 100 வாட் அளவுக்குச் சூடு விடுகிறது. நெருக்கமாக வைத்த மெழுகுகள் தொட்டிக்கடியில் அளவுக்கு மீறிச் சூடாகி, உருகிய மெழுகு மொத்தமாகத் தீப்பிடிக்கும். கூடாரத் துணி உருகி உடம்பில் ஒட்டும்.

அதைவிட மோசமானது, நெருப்பு எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தடுமாற்றம். தூங்குபவருக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. கரி அடுப்பு இதில் மிகக் கொடியது. புகை அடங்கி, கங்கு மட்டும் சிவந்திருக்கும்போது "இனி ஆபத்தில்லை" என்று உள்ளே எடுத்து வைப்பார்கள். அப்போதும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். கையேட்டில் பெரிய எழுத்தில்: மூடிய இடத்தில் நெருப்பு வேண்டாம். ஒரே இடத்தில் இருக்கும் இருவருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் முதலில் வெளியே வாருங்கள்.

கேள்வி: மேலே மெழுகுவர்த்தி கேட்டது நான்தான். வாசலைக் கொஞ்சம் திறந்து வைத்தால்? குளிரில் விறைத்துப்போவதைவிட அது மேல் இல்லையா?

உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் வாயு வெளியேறும் அளவுக்குத் திறந்தால் சூடும் கூடவே போய்விடும். சூடு தங்கும் அளவுக்கு மூடினால் வாயுவும் தங்கும். 'கொஞ்சம்' என்பது எவ்வளவு என்று தூக்கக் கலக்கத்தில், குளிரில், யாராலும் அளக்க முடியாது. நெருப்பு வேண்டுமானால் திறந்தவெளியில், ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருந்து காய்வதோடு சரி.

உள்ளே கொண்டுபோகக் கூடியது வெந்நீர். ஒரு லிட்டர் தண்ணீர் 60 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஆறும்போது ஏறக்குறைய 100 கிலோஜூல் சூட்டைப் போர்வைக்குள்ளேயே விட்டுவிடும். மூடி இறுக்கமான பாட்டிலில் ஊற்றி, தலைகீழாகப் பிடித்துக் கசிகிறதா என்று பார்த்து, ஒரு சாக்ஸுக்குள் நுழைத்து, தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய ரத்தக்குழாய்கள் அங்கே தோலுக்கு அருகில் ஓடுகின்றன. மெல்லிய தண்ணீர் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் அது சுருங்கி வளைந்துவிடும், ஆறவிட்டு ஊற்றுங்கள். சர்க்கரை நோயாளிகள் பாதத்தில் வைக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த கால் வெந்தாலும் தெரியாது.

கேள்வி: குளிருக்குக் கொஞ்சம் குடித்தால் சூடு ஏறுமா?

ஏறாது. தோலின் ரத்தக்குழாய்கள் விரிவதால் சூடாக இருப்பதுபோலத் தோன்றும், உள்சூடு அந்த வழியே வெளியேறிவிடும். ஆனால் கையேட்டில் குடிக்காதே என்று உபதேசம் எழுதினால் அந்தப் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். "குடித்திருக்கும் நண்பரைத் தனியே விடாதீர்கள், பக்கவாட்டில் படுக்க வையுங்கள்" என்று எழுதுங்கள். அதைச் செய்வார்கள்.

கேள்வி: உடம்பு ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துவிட்டது என்பதை மற்றவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

நடை தடுமாறும், பேச்சு குழறும், பொத்தான் போட விரல் வராது. குடிபோதை என்று நினைத்து விட்டுவிடுவது இதில்தான் நடக்கிறது. நடுக்கம் நின்றும் ஆள் தெளியவில்லை என்றால் நிலைமை கைமீறுகிறது, உடனே ஆம்புலன்ஸ். ஈர உடையைக் கழற்றி, அடியில் அட்டை போட்டு, மார்பையும் வயிற்றையும் சூடாக்குங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள்.

கேள்வி: கால் பராமரிப்புக்கு ஒரு பக்கம் தேவையா? சின்ன விஷயமாகத் தோன்றுகிறது.

இரண்டு பக்கம் தேவை. கால் போனால் தண்ணீருக்கும் போக முடியாது, மருத்துவமனைக்கும் போக முடியாது.

முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் நின்ற வீரர்களை முடமாக்கிய அகழிக்கால் நோய் இன்றைக்கும் தெருவில் இருக்கிறது. அதற்கு உறைபனி தேவையில்லை. 15 டிகிரி குளிரில் ஈர ஷூவோடு அரை நாள் கழிந்தாலே தொடங்கிவிடலாம். பாதம் வெளுத்து, சுருங்கி, மரத்துப்போகும். பிறகு சிவந்து வீங்கி எரியும், கொப்புளம் வரும்.

தடுப்பதற்கு இரண்டு ஜோடி சாக்ஸ் வேண்டும். ஒன்று தூங்க மட்டும். அதைப் பிளாஸ்டிக் பைக்குள் எப்போதும் காய்ந்தபடி வைத்திருக்க வேண்டும். பகலில் நனைந்ததைப் பிழிந்து, சட்டைக்குள் வயிற்றோடு வைத்தால் உடம்புச் சூட்டில் காயும். ஷூவைக் கழற்றி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் ஈரத்தை இழுக்கும். திருட்டுப் பயம் இருக்கிற இடத்தில் ஷூவைப் பையில் போட்டுத் தலைக்கடியில் வைத்துக்கொள்ளலாம். கழற்றவே முடியாத இடம் என்றால் கயிறையாவது தளர்த்திவிட வேண்டும். மரத்த காலை நெருப்பில் காட்டக் கூடாது, தேய்க்கவும் கூடாது. காயவைத்து, உயர்த்தி வைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நன்கொடை திரட்டுகிறீர்கள் என்றால் போர்வைக்கு முன் சாக்ஸ் கேளுங்கள்.

கேள்வி: தார்ப்பாயின் கண் (கயிறு கோக்கும் துளை) கிழிந்துவிட்டால் எப்படிக் கட்டுவது?

கோலிக்குண்டு அளவு கூழாங்கல்லை மூலைக்குச் சற்று உள்ளே வைத்து, தாளை அதன்மேல் சுற்றிப் பிடித்து, கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு இறுக்குங்கள். இழுக்க இழுக்க இறுகும். கூர்மையான கல் வேண்டாம், தாளைக் கிழிக்கும்.

கேள்வி: காட்டில் கிடைக்கும் செடிகளில் எதைச் சாப்பிடலாம்?

விட்டுவிடுங்கள். தவறாக ஒரு இலையை அடையாளம் கண்டால் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை.

கேள்வி: சந்தேகமான தண்ணீரைக் குடிக்கத் தகுந்ததாக்குவது எப்படி ஐயா?

கொதிக்க வைப்பது முதல் வழி: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம்; 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் மூன்று நிமிடம். அடுப்பு இல்லையென்றால் வெயில். நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில், இரண்டு லிட்டருக்கு மிகாமல், தெளிந்த நீரை நிரப்பிப் படுக்கவைத்து ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் விட வேண்டும். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டித் தெளியவிட வேண்டும். சாயம், எண்ணெய், பூச்சிமருந்து கலந்த நீருக்கு இந்த இரண்டுமே உதவாது. அதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பாதுகாப்பாகப் படுக்கக்கூடிய இடங்களின் வரைபடத்தைச் சேர்த்தால் மிகவும் உதவியாக இருக்குமே!

இல்லை. அச்சான அன்றே அது எல்லோர் கைக்கும் போகும். ஐந்து பேர் அமைதியாகப் படுத்த இடத்துக்கு ஐம்பது பேர் வருவார்கள், பின்னாலேயே அகற்ற ஆட்கள் வருவார்கள். தனியாக இருக்கும் பெண்களைத் தேடி வருபவர்களுக்கும் அதுவே வழிகாட்டி.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. புதிதாகத் தெருவுக்கு வந்தவருக்கு முதல் இரவே இடம் தெரிய வேண்டும். பழையவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதுமா?

போதாது, நீங்கள் சொல்வது நியாயம்தான். அதற்குத்தான் தண்ணீர், கழிப்பறை, மருத்துவமனை, இரவுக் காப்பகம் ஆகியவற்றை வரைபடத்தில் போடுகிறோம். அவை பொதுவில் உள்ளவை, மறைக்க எதுவுமில்லை. படுக்கும் இடத்துக்கு முகவரி வேண்டாம், பார்க்கத் தெரிந்தால் போதும். சுவரில் பழைய வெள்ளக் கோடு இருக்கிறதா? வறண்ட ஓடை, மதகு, வடிகால் குழாய் என்றால் மழை வேறெங்கோ பெய்தாலும் இங்கே தண்ணீர் வரும். பெரிய குப்பைத் தொட்டிக்குள் படுக்காதே, அள்ளும் வண்டி உள்ளே பார்க்காது. நிற்கும் வாகனத்துக்கு அடியில் படுக்காதே. வெளியேற இரண்டு வழி இருக்கிறதா என்று பார்.

கேள்வி: அப்படியானால் வாய்மொழியாகவாவது இடங்களைச் சொல்லலாமா?

அங்கே ஏற்கெனவே படுப்பவர்கள் சம்மதித்தால் சொல்லலாம். அவர்கள் வீட்டைப் பற்றிப் பேசுகிறோம், அவர்களைக் கேட்காமல் முடிவெடுக்க நமக்கு உரிமை இல்லை.

கேள்வி: கூடாரத்துக்குள் சின்ன கேஸ் அடுப்பு வைத்தால்?

மூடிய இடத்தில் நெருப்பு வேண்டாம். மெழுகுவர்த்திக்குச் சொன்னது கேஸுக்கும் பொருந்தும், கரிக்கும் பொருந்தும், வாசலை மூடிவிட்டு எரிக்கும் எதற்கும் பொருந்தும். தயவுசெய்து மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பொது இடத்தில் படுத்தால் போலீஸ் எழுப்பலாமா? சட்டம் என்ன?

ஊருக்கு ஊர் மாறும். இலவசச் சட்ட உதவி தரும் வழக்கறிஞர் ஒருவரை அந்தப் பக்கத்தை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: தண்ணீரைச் சுத்தம் செய்வது பற்றியும் சொல்லுங்களேன்.

மேலே இருக்கிறது.

கேள்வி: கையேட்டை எப்படி அச்சிடுவது? செலவு குறைய வேண்டும், நனைந்தாலும் தாங்க வேண்டும்.

ஒரே ஒரு ஏ4 தாள் போதும். மூன்று முறை பாதிப்பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம். குறுகிய விளிம்புகள் சேரும்படி ஒருமுறை மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் அடுத்த மடிப்பு வரை மட்டும் வெட்டுங்கள். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் வெட்டு வாய் திறக்கும். சுற்றி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம், பக்கத்துக்கு 74 மி.மீ. அகலம், 105 மி.மீ. உயரம். பின்பக்கம் முழுதாக மிஞ்சும், அதில் படுக்கை அடுக்கும் படத்தைப் பெரிதாகப் போடலாம்.

லேசர் அச்சுதான் வேண்டும். இன்க்ஜெட் மை பெரும்பாலும் ஈரத்தில் கரைந்து ஓடும். எழுத்து 12 புள்ளிக்குக் குறையக் கூடாது, தெருவிளக்கு வெளிச்சத்தில் படிக்க வேண்டும். தொலைபேசி எண் ஒவ்வொன்றையும் இரவில் அழைத்துப் பாருங்கள், பகலில் மட்டும் எடுக்கும் எண்ணாக இருந்தால் நேரத்தையும் அச்சிடுங்கள். கையேட்டின் முகப்பில் அச்சிட்ட மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும்.

கேள்வி: எழுதி முடித்தபின் சரியாக வந்திருக்கிறதா என்று யாரிடம் காட்டுவது?

தெருவில் தங்குபவர்களிடம், அவர்கள் செலவிடும் நேரத்துக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். "புரிகிறதா" என்று கேட்காதீர்கள், மரியாதைக்குப் புரிகிறது என்றே சொல்வார்கள். பிளாஸ்டிக் தாளையும் அட்டைகளையும் கொடுத்து, கையேட்டைப் பார்த்துப் படுக்கையைப் போடச் சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். கை எந்த இடத்தில் தயங்கி நிற்கிறதோ அந்தப் படத்தை மாற்றி வரைய வேண்டும். பிறகு இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.